வாயில்லாச் சீவன்களின் பல்வலி

மட்டக்களப்பு வாவி ஒரு நாட்டை இரு கரைகளாகப் பகுத்து வைத்திருக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பு எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாய் விரிந்து கிடப்பது படுவான்கரை. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்ட முன்னோரின் நயம் எண்ணி மகிழத்தக்கது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவி, வடக்கே பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு கலக்கின்றது.

இவ்வாவிக்கு உலகறிந்த புகழைத் தேடித் தந்தது பாடுமீன். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைச் செவியிலும் வைத்து அவ்விசையைக் கேட்டுச் சென்றோர் எத்தனையோ பேர். அவ்விசையைப் பற்றி எழுதினோரும் பலர். ஆதலின் பாடும் வாயைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டுவது ஒன்றுமில்லை. இம்முறை நாம் இரு கரைகளிலும் சுற்றித் திரிந்தது, பாடவும் பேசவும் அறியாத வாய்களைப் பற்றி அறிந்து வருவதற்காக. வீட்டு முற்றத்தில் காவலிருக்கும் நாய், அடுப்பங்கரையிற் சுருண்டு கிடக்கும் பூனை, பட்டியில் அசைபோடும் பசு ஆகிய இவற்றின் வாய்க்குள்ளே நடப்பது என்ன? அங்கே நோவு உண்டானால் அதைப் போக்குவார் யார்? அதற்கு ஆகும் செலவு எவ்வளவு?

'பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு' என்பார்கள். சொல்லே இல்லாத சீவனுக்குப் பல் நொந்தால், அந்நோவு எவருக்கும் தெரியாமலே போய்விடுகின்றது. வாயில்லாச் சீவன் என்று நாம் இரக்கத்தோடு குறிப்பிடும் விலங்குக்குத்தான் உண்மையில் வாய் மிகமிக இன்றியமையாதது. அதற்குக் கையும் வாய்தான், ஆயுதமும் வாய்தான்.

பட்டியிலே பல் பார்த்தல்

மண்முனைப் பாலம் 2014ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அதற்கு முன், இவ்விடத்தில் 'பாதை' என்று மக்கள் வழங்கும் மிதவையில் ஏறியே அக்கரை சேர வேண்டும். இப்பொழுதோ, காற்று முகத்தில் அறைய, சில நிமிடங்களிற் படுவான்கரையை அடைந்துவிடுகின்றோம். இருமருங்கும் வயல். வரம்புகளில் வெள்ளைக் கொக்குகள். சிறிது தூரத்திற் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயம். போர்த்துக்கேயத் தளபதி ஒருவன் எள்ளி நகையாடியபோது, இவ்வாலயத்துக் கல் நந்தி எழுந்து புல்லை உண்டு காட்டியது என்னும் ஐதிகத்தை இப்பகுதிச் சிறுவரும் சொல்வர். கல்லாற் செய்த மாட்டுக்குக்கூடப் பல்லையும் பசியையும் கொடுத்துப் பார்த்த மக்களிடம் மாட்டின் பல்லைப் பற்றி நாம் கேட்கச் சென்றது பொருத்தமே.

மாட்டின் வயதுக்குச் சாட்சி அதன் பல்தான். மாட்டின் மேல்வாயில் முன்பற்கள் இல்லை. அவ்விடத்தில் தடித்த முரசு மட்டுமே உண்டு. கீழ்வாயில் முன்னே 8 பற்கள். கன்றுப் பருவத்துப் பாற்பற்கள் இரண்டிரண்டாக விழ, நிலையான பற்கள் இரண்டிரண்டாக முளைக்கின்றன. ஏறத்தாழ இரண்டு வயதளவில் முதற்சோடி. மூன்றை ஒட்டி இரண்டாவது. அதன் பின் மூன்றாவது. நான்கு வயதைக் கடந்ததும் எட்டும் நிறைந்துவிடும். பின்னர் தேய்மானத்தைக் கொண்டு முதுமையை மட்டிடுவர். 'இரண்டு பல்', 'நாலு பல்', 'ஆறு பல்', 'கடை சேர்ந்தது' என்று சந்தையிற் பேசப்படும் வழக்குகள் எல்லாம் இக்கணக்கிலிருந்து பிறந்தவையே. எழுவான்கரையிற் காத்தான்குடி, ஏறாவூர் முதலிய ஊர்களில் வாழும் முஸ்லிம் மக்களும், ஹஜ்ஜுப் பெருநாட் குர்பானுக்கு மாடு வாங்கும்போது, இரண்டு வயது பூர்த்தியாயிற்றா என்பதைப் பல் பார்த்தே உறுதி செய்துகொள்வர்.

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?' என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பல் பார்க்காமல் வாங்குவார் இல்லை என்பது அதன் மறுபக்கம்.

பட்டியொன்றின் உரிமையாளரான முதியவர் ஒருவர், ஒரு நாகின் வாயை இரு விரல்களால் நொடியில் விரித்து எமக்குக் காட்டினார். அவர் கையின் லாகவம் வியப்பைத் தந்தது. கூடவே, அவர் காலடியிற் படுத்திருந்த காவல் நாயைச் சுட்டி, "ஐயா, இதன் பல்லையும் பார்ப்பதுண்டா?" என்று வினவினோம். முதியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நாய்க்குப் பல்லுப் பாக்கிறதோ? அது நம்மட பல்லைப் பாத்துக்கொண்டுதானே மனே சோறு தின்னுது! கடிக்காத வரைக்கும் அதன்ட பல்லை ஆர் பாக்கிற?"

இச்சொல்லில் உண்மை முழுவதும் அடங்கியிருந்தது. விலை பேசுவதற்காக மாட்டின் பல்லைப் பார்க்கின்றோம். கடித்துவிடுமோ என்ற அச்சத்தால் நாயின் பல்லைப் பார்க்கின்றோம். அப்பல் அந்த விலங்குக்கு நோகின்றதா என்று பார்க்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை.

இயற்கையின் கணக்கு

வாவியின் நாணற் புதர்களிலும், அதனோடு சேரும் ஓடைகளிலும் முதலைகள் உண்டு. முதலைக்குப் பல் வைத்தியர் வேண்டியதில்லை. ஒரு பல் விழுந்தால் அதன் கீழே இன்னொன்று ஆயத்தமாக நிற்கும்; வாழ்நாள் முழுவதும் இவ்வாறு புதுப்பித்துக்கொண்டே இருக்கும். படுவான்கரையின் எல்லைப்புறக் கிராமங்களில் இரவில் வந்து நெல்லையும் வாழையையும் அழித்துச் செல்லும் யானைக்கு இயற்கை இவ்வளவு தாராளம் காட்டவில்லை. அதன் அரைக்கும் பற்கள் வாழ்நாளில் ஆறு முறை மாத்திரமே ஒன்றன்பின் ஒன்றாக முன்னகர்ந்து வரும். ஆறாவதும் தேய்ந்தபின், முதிய யானை உணவிருந்தும் உண்ண வகையின்றி மெலிந்து மடியும்.

நாயும் பூனையும் மனிதரைப் போல இருமுறை மட்டும் பல் முளைக்கப் பெற்றவை. நாய்க்குட்டிக்குப் பாற்பற்கள் 28. வளர்ந்த நாய்க்கு 42. பூனைக்குட்டிக்கு 26, வளர்ந்த பூனைக்கு 30. நான்கு மாதத்துக்கும் ஏழு மாதத்துக்கும் இடையில் இம்மாற்றம் நிகழ்ந்து முடிகின்றது. வீட்டார் இதை அறிவதில்லை. விழுந்த பாற்பல்லைக் குட்டி பெரும்பாலும் விழுங்கிவிடும். பொமரேனியன் போன்ற சிறு சாதி நாய்களில் மட்டும், பாற்பல் விழாது நிற்க, அதன் பக்கத்திலேயே நிலையான பல்லும் முளைத்துவிடுவதுண்டு. இரண்டுக்கும் இடையில் உணவு தங்கி ஊறு விளைக்குமாதலால், அப்பாற்பல்லை எடுத்துவிடுமாறு வைத்தியர்கள் கூறுவர்.

நம்மைப் போலச் சொத்தைப் பல்லால் நாய் வருந்துவது அரிது. அதன் பகைவன் வேறு. உண்ட உணவின் எச்சமும் உமிழ்நீரும் நுண்ணுயிர்களும் கூடிப் பல்லின் மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. துடைத்தெடுக்காவிடின், உமிழ்நீரிலுள்ள உப்புக்கள் சில நாட்களுக்குள்ளேயே அதனைக் கல்லாக்கிவிடுகின்றன. இதுவே பற்காறை. மஞ்சளாய்த் தொடங்கிப் பழுப்பாய்த் தடிக்கும் இக்காறை, முரசின் ஓரத்தைச் சிவக்க வைத்து, முரசுக்கும் பல்லுக்கும் இடையே பள்ளம் தோண்டி, ஈற்றிற் பல்லைத் தாங்கும் எலும்பையே கரைத்துவிடுகின்றது. மூன்று வயதைத் தாண்டிய நாய் பூனைகளுட் பெரும்பாலானவற்றில் இந்நோய் ஓரளவேனும் காணப்படும் என்பது உலகெங்குமுள்ள மிருக வைத்தியர்களின் அனுபவம். சிறு சாதி நாய்களில் எலும்பு மிகவும் கரைந்து, தாடை தானே முறிந்துவிடுவதும் உண்டு. பூனைக்கு இன்னொரு துன்பம்: பல்லின் வேரும் கழுத்தும் உள்ளிருந்தே கரைந்து போகும் நோய். வெளியே சிறு சிவப்புப் புள்ளியாகத் தோன்றினும், அதன் நோவு கடுமையானது.

வாவிக்கரையில் வேறொரு விபத்தும் உண்டு. மீனின் தலையும் முள்ளும் நாய்க்கும் பூனைக்கும் இங்கே அன்றாட உணவு. கெளுத்தியின் முள்ளும், சமைத்த எலும்பின் சிராய்களும் மேலண்ணத்திற் குறுக்கே சிக்கிக்கொள்வதும், முரசிலே குத்திச் சீழ் பிடிப்பதும் மீனவர் குடியிருப்புகளில் நாம் கேட்டறிந்த செய்திகள். கடினமான எலும்பைக் கடிக்கையில் மேல்வாயின் பெரிய கடைவாய்ப் பல் பிளந்துபோவதும் உண்டு.

விசரா, பல்வலியா?

வெல்லாவெளிப் பக்கத்திலே ஒரு வீட்டாரிடம் நாம் கேட்ட வரலாறு இங்கே சொல்லத்தக்கது. அவர்களுடைய நாய் ஐந்து ஆண்டுகளாக வயற்காவலுக்குத் துணை நின்றது. திடீரென்று அது சோற்றை ஒதுக்கத் தொடங்கிற்று. ஒரு பக்கத்தால் மட்டும் கடித்தது. வாயிலிருந்து நீர் வடிந்தது. தலையைத் தடவச் சென்ற பேரனைப் பார்த்து உறுமிற்று. ஊரவர் கூடிவிட்டனர். "விசர் பிடிச்சிற்று, வைச்சிருக்கப்படாது" என்றார் ஒருவர். மற்றொருவர் தடியைத் தேடினார். அவ்வீட்டுத் தாயாரோ, "பொறுங்க, ஊசி போட்ட துண்டு இருக்கு. டொக்டரிட்ட காட்டிற்று மறுகா பாப்பம்" என்று குறுக்கே நின்றார்.

அந்தப் பெண்மணியின் நிதானம் போற்றத்தக்கது. ஆயினும் ஊராரின் அச்சத்தையும் நாம் எளிதில் இகழ்ந்துவிடலாகாது. விசர்நாய்க்கடி நோய் கண்ட நாய்க்கும் வாயிலிருந்து நீர் வடியும்; தாடை தொங்கும்; விழுங்க முடியாது; தொண்டையில் எலும்பு சிக்கியதுபோலத் தோன்றும். அவ்வாறு எண்ணி வாய்க்குள் கையை விட்டவர்கள் உயிரிழந்த கதைகள் பல நாடுகளில் உண்டு. நோய்க்குறிகள் தோன்றியபின் மனிதரைக் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத காரியம். 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி இடுவதும், கடியுண்டோர்க்கு உடனே மருந்து கொடுப்பதும் பரவிய பின்னரே அத்தொகை ஆண்டுக்குச் சில பத்துக்களாகக் குறைந்தது. ஆதலின் வாயில் நீர் வடியும் நாயின் வாயை வீட்டார் தாமே திறந்து பார்த்தல் தகாது. கடித்தாலோ, எச்சில் புண்ணிற் பட்டாலோ, அவ்விடத்தைச் சவர்க்காரம் இட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

மிருக வைத்தியர் முதலில் தடுப்பூசித் துண்டைப் பார்த்தார். எவரையேனும் கடித்ததா, வேறு நாய் இதைக் கடித்ததா என்று விசாரித்தார். பின்னர் கண்ணுக்குக் கீழேயிருந்த சிறு வீக்கத்தைக் கவனித்தார். மேல்வாயின் நான்காம் முன்கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள். அப்பல் பிளந்து வேரிற் சீழ் கட்டினால், வீக்கம் தோன்றுவது கண்ணின் கீழேதான். கண்ணோவென்று மருந்திட்டு நாளைக் கழிப்போர் பலர். நாய்க்கு மயக்கம் கொடுத்து அப்பல் அகற்றப்பட்டது. நாம் சென்றபோது அந்நாய் வாசலில் நின்று எம்மைக் கண்டு குரைத்தது. பேரன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அறுவடைக்கு முந்திக் கையில கிடந்த காசில பெரும்பங்கு போயிற்று" என்றார் தாயார். சற்று நேரம் கழித்து, "ஊசி போடாம விட்டிருந்தா டொக்டரும் நம்பியிருக்க மாட்டார். நாயும் போயிருக்கும்" என்றார். அரசு இலவசமாக இட்ட ஒரு தடுப்பூசி, ஒரு பல்வலியைப் பல்வலி என்று இனங்காண உதவிற்று.

செலவின் விபரம்

இனி, பலரும் கேட்கத் தயங்கும் வினாவுக்கு வருவோம். ஒரு நாயின் பல்லைத் துப்புரவு செய்யவும் பிடுங்கவும் ஏன் இவ்வளவு பணம் ஆகின்றது? நமக்குப் பல் பிடுங்குவது அரசாங்க வைத்தியசாலையிற் சில நிமிட வேலையன்றோ?

நாம் நாற்காலியிற் சாய்ந்து, 'வாயைத் திறவுங்கள்' என்றதும் திறக்கின்றோம். நாய் திறவாது. முரசுக்குக் கீழேதான் நோயின் மூலம் இருக்கின்றது. அவ்விடத்தைக் கூரிய கருவியாற் சுரண்ட, விழித்திருக்கும் விலங்கு இடங்கொடாது. ஆதலின் முழு மயக்கம் இன்றியமையாதது. மயக்கத்துக்கு முன் உடலைப் பரிசோதிக்க வேண்டும். வயது சென்ற நாயாயின் சிறுநீரகமும் ஈரலும் நலமா என்று அறிய இரத்தம் சோதிக்க வேண்டும். மயக்க மருந்து, கழுவும் நீர் நுரையீரலுக்குள் இறங்காதபடி மூச்சுக்குழலிற் செருகும் குழாய், மயக்கத்தின்போது நாடியையும் மூச்சையும் கண்காணிக்க ஒருவர், வேரின் நிலையைக் காட்டும் எக்ஸ்கதிர்ப் படம், காறையை உடைக்கும் கருவி, பின்னர் பல்லை மெருகிடுதல் என்று செலவு அடுக்கடுக்காக ஏறுகின்றது. பல வேருள்ள பல்லை ஒரே இழுப்பில் எடுக்க முடியாது. முரசை விலக்கி, பல்லைத் துண்டாக்கி, ஒவ்வொரு வேராக எடுத்துத் தைக்க வேண்டும். அதன் பின்னே நோவு மருந்தும் மறுபரிசோதனையும் உண்டு. எனவே பற்றுச்சீட்டிலே பல்லுக்குரிய தொகை ஒரு பங்காயின், விலங்கைத் துன்பமின்றியும் ஆபத்தின்றியும் உறங்கவைத்து எழுப்புவதற்குரிய தொகை பல பங்காகும்.

மயக்கமின்றியே குறைந்த செலவிற் பல் துப்புரவு செய்து தருவதாகச் சில நாடுகளில் விளம்பரம் செய்வர். உலகச் சிறுபிராணி மிருக வைத்தியர் சங்கம் 2020இல் வெளியிட்ட பற்சுகாதார வழிகாட்டி இதனை ஏற்கவில்லை. பார்வைக்குப் பல் வெண்மையாகும். முரசுக்கடியில் நோய் இருந்தபடியே இருக்கும்.

அமெரிக்காவில் இச்சிகிச்சைக்குச் சில நூறு டொலரிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் கட்டணம் ஆகின்றது. நம் நாட்டில் வைத்தியரின் கட்டணம் அவ்வளவு உயர்ந்ததன்று. ஆனால் மயக்க மருந்தும் கருவிகளும் பெரும்பாலும் பிறநாட்டிலிருந்து வருவன. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை நாம் மறப்பதற்கில்லை. அந்நெருக்கடியில் மனிதருக்கே மருந்து தட்டுப்பட்டது. அன்று ஏறிய விலையின் சுமை இன்றும் சிகிச்சைச் செலவிலே படிந்திருக்கின்றது.

தூரமும் ஒரு செலவே. பிரதேசந்தோறும் உள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகங்களின் தலையாய கடமை பாற்பசு, எருமை, ஆடு, கோழி ஆகியவற்றின் நலமாகும். தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பில் அது நியாயமும்கூட. எருமையும் பசுவும் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிய வைப்பவை. பற்சிகிச்சைக்குரிய கருவிகளெல்லாம் ஒருங்கே அமைந்த இடத்தை நாடுவோர், கொழும்பின் தனியார் வைத்தியசாலைக்கோ, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்கோ செல்ல வேண்டியும் வரலாம். நம் நாட்டில் 1947இல் தொடங்கிய மிருக வைத்தியக் கல்வி இன்று பேராதனையில் ஒரு பீடமாக வளர்ந்து நிற்கின்றது. ஆயினும் நோவுற்ற நாயோடு மலையேறுவது படுவான்கரைக் குடியானவனுக்கு எளிதன்று. வாகனக் கூலியே சிகிச்சைச் செலவை விஞ்சிவிடக்கூடும்.

ஆதலால், வைத்தியரிடம் முன்கூட்டியே சில வினாக்களைக் கேட்டுக்கொள்வது நன்று. கூறும் தொகையில் மயக்கமும் இரத்தப் பரிசோதனையும் அடங்குமா? எக்ஸ்கதிர் உண்டா? மயக்கத்தில் இருக்கும்போது மேலும் ஒரு பல் பழுதென்று கண்டால் என்ன செய்வார், எவ்வளவு கூடும்? உடனே செய்யவேண்டியது எது, பொறுக்கக்கூடியது எது? பழுதான பல்லின் வேருக்கு மருந்திட்டுக் காப்பதைவிட அதனை எடுத்துவிடுவது செலவிற் குறைந்தது. பல்லிழந்த நாய் மெல்லிய உணவை உண்டு நலமாக வாழும். நோவுள்ள பல்லோடு அவ்வாறு வாழாது. இவ்வினாக்களைக் கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை. நல்ல வைத்தியர் எவரும் இதனாற் சினப்பதுமில்லை.

வீட்டிலே செய்யத்தக்கதும் தகாததும்

வருமுன் காப்பதற்கு ஆகும் செலவு ஒரு சிறுபிள்ளைத் தூரிகையின் விலைதான். குட்டியாய் இருக்கும்போதே விரலால் முரசை மெல்லத் தடவிப் பழக்கி, பின்னர் ஈரத்துணியும், அதன்பின் மென்மையான தூரிகையுமாய் நாளுக்கொரு தடவை பல்லின் வெளிப்புறத்தைத் தேய்த்தால் போதும். முதல் நாள் ஒரு பல். மறுநாள் இரண்டு பல். முடிந்தவுடன் ஒரு தட்டிக்கொடுத்தல். ஒரு வாரத்திற் பழகாதது ஒரு மாதத்திற் பழகும்.

நாம் பாவிக்கும் பற்பசை நாய்க்கு ஆகாது. அது உமிழத் தெரியாமல் விழுங்கிவிடும். சில பற்பசைகளிலும் சூயிங்கத்திலும் சேரும் சைலிற்றோல் என்னும் இனிப்பு, நாயின் இரத்தத்திற் சர்க்கரையைத் திடீரெனக் குறைத்து உயிருக்கே இடர் செய்யும். உப்பும் கரித்தூளும் வேண்டா. தனி நீர் போதும். கிடைத்தால் விலங்குகளுக்கென்றே செய்த பற்பசை.

நோவுக்கென்று பரசிற்றமோல் குளிகையைப் பூனைக்குக் கொடுப்பது நஞ்சு கொடுப்பதற்கு ஒப்பாகும். ஒரு குளிகையே அதன் உயிரைக் குடிக்கக்கூடும். மனிதருக்குரிய வேறு நோவு மாத்திரைகளும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கிராம்புத் தைலமும் பூனைக்கு ஆகாது. சமைத்த எலும்பையும் பெரிய மீன்முள்ளையும் தட்டிலிருந்து ஒதுக்கிவிட்டுச் சோறு வைப்பது, பணம் செலவில்லாத வைத்தியம்.

நோவின் அடையாளங்கள் சில உள: வாயிற் கெட்ட நாற்றம், உணவை வாயில் எடுத்துக் கீழே போடுதல், ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லுதல், முகத்தைக் காலால் உரசுதல், கண்ணின் கீழ் வீக்கம், பழகிய கையைக் கண்டு விலகுதல். 'நாய் என்றால் வாய் மணக்கத்தானே செய்யும்' என்று பலரும் எண்ணுகின்றனர். நலமுள்ள நாயின் வாய் அவ்வாறு நாறுவதில்லை. அந்த நாற்றமே நோயின் முதற் கடிதம்.

யாருக்கு முதலிடம்?

கல்லடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எம்மிடம் ஒரு கேள்வி எழுப்பினார். 1978ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளியையும், 2004ஆம் ஆண்டு மார்கழிக் கடற்கோளையும், நீண்ட போரையும் கண்ட மண் இது. மனிதரின் பல்லுக்கே வைத்தியம் தேட இயலாத வீடுகள் இன்றும் உண்டு. நாயின் பல்லுக்குப் பணம் செலவிடுவது தகுமா என்றார் அவர்.

கேள்வி நேர்மையானது. பசித்த பிள்ளை இருக்கும் வீட்டில் நாயின் பல்லுக்குக் கடன் வாங்கும்படி எவரும் சொல்லார். ஆயின் இவ்வாவிக்கரையின் துன்பக் கதைகளிலேயே விடையின் ஒரு பகுதியும் கிடக்கின்றது. போர்க்காலத்திற் படுவான்கரையை விட்டுப் பாயும் பானையுமாய்ப் புறப்பட்டவர்கள், பட்டியையும் நாயையும் விட்டுச் சென்றார்கள். திரும்பி வந்தபோது, எலும்பும் தோலுமாய் வாசலிற் காத்துக் கிடந்த நாயைக் கண்டவர்கள் அதைச் சொல்லும்போது இன்றும் குரல் தழுதழுக்கின்றனர். நம்மை நம்பி நிற்கும் சீவன் அது. அதனிடம் நாம் கொண்ட கடன், பெருந்தொகைச் சிகிச்சையினால் மட்டுமே அடையத்தக்கதன்று. அன்றாடம் ஒரு முறை அதன் வாயைக் கவனித்தலும், முள்ளை ஒதுக்கிச் சோறு வைத்தலும், ஆண்டுதோறும் தடுப்பூசி இடுவித்தலும் ஏழைக்கும் இயலும்.

அலுவலகங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பாற்பசுவுக்கு முதலிடம் கொடுப்பது முறையே. அதனோடு, விசர்நாய்த் தடுப்பூசி இடும் நாளிலேயே ஒவ்வொரு நாயின் உதட்டையும், கடியாத நாயாயின், ஒருமுறை உயர்த்திப் பார்த்து, பழுது உண்டென்றால் வீட்டாரிடம் ஒரு சொற் சொல்லிவிடலாம். அதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டியதில்லை.

ஆசிரியரிடம் நாம் இவ்வாறு கூறியபோது, அவர் விடை ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் பொறுத்து, திண்ணையிற் கிடந்த தம்முடைய கிழ நாயை அழைத்து, மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு, அதன் உதட்டை மெல்ல உயர்த்திப் பார்க்கத் தொடங்கினார்.